தோட்டக் குளத்தில் தலைப்பிரட்டைகள்: முட்டை மிதக்கும் நாள் முதல் கரையேறும் நாள் வரை

காலையில் குளத்தருகே போகிறீர்கள். ஓரத்துச் செடிகளுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் நிறைந்த வழவழப்பான கட்டி ஒன்று மிதக்கிறது. தவளை முட்டை. இப்போது என்ன செய்வது, மூடி வைப்பதா, எடுத்து வேறு பாத்திரத்தில் விடுவதா, ஏதாவது தின்னக் கொடுப்பதா என்று பரபரப்பாக இருக்கும். இன்றைக்கு எதுவும் செய்ய வேண்டாம். செய்ய வேண்டிய வேலை இருக்கிறது; ஆனால் அதில் பாதி, முட்டை வருவதற்கு முன்பே செய்ய வேண்டியது. மீதிப் பாதி கடைசி வாரத்தில் வரும். நடுவில் இருக்கும் வாரங்களில் குளம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு சிமெண்ட் தொட்டியில். நாலு பக்கமும் செங்குத்தான, வழவழவென்று பூசிய சுவர். முட்டை வந்தது, பொரிந்தது, கால்கள் முளைத்தன. எல்லாம் நன்றாகப் போகிறது என்று மகிழ்ந்திருந்தேன். ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தால், சுவரோரமாக விரல்நகம் அளவில் பதினொரு குட்டித் தவளைகள் செத்து மிதந்தன. தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவை தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகுதான் விளங்கியது. செவுள் மறைந்து நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கியவற்றுக்கு ஏறி உட்கார ஓர் இடம் இல்லை. இரவு முழுக்க நீந்தி நீந்திக் களைத்துப் போயிருக்கின்றன. கிணற்றுத் தவளை என்ற சொல்லை எங்கே கேட்டாலும், ஏறிவரப் படியில்லாத அந்தச் சுவர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அதனால் இந்த வழிகாட்டியைக் கரையிலிருந்து தொடங்குகிறேன்.

முதல் வேலை: கரை

குளம் புதிதாகத் தோண்டுகிறீர்கள் என்றால், ஒரு பக்கமாவது சரிவாக இறங்கட்டும். ஓர் அடி ஆழத்துக்கு மூன்று அடி நீளம் என்ற கணக்கில் சாய்வு இருந்தால், தவளை மட்டுமல்ல, தவறி விழும் எந்தச் சிற்றுயிரும் ஏறி வந்துவிடும். ஏற்கெனவே இருப்பது செங்குத்துச் சுவர்த் தொட்டியா? இடிக்க வேண்டாம். கூழாங்கற்களை ஒரு மூலையில் படிப்படியாகக் குவித்து, குவியலின் உச்சி தண்ணீருக்கு மேலே வருமாறு அடுக்குங்கள். அல்லது சொரசொரப்பான பலகை ஒன்றைச் சாய்த்து வையுங்கள். ஒரு முனை தண்ணீருக்குள், மறுமுனை கரையில். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குளம் என்றால் அதன்மேல் சாக்குத் துணியை ஓரமாகத் தொங்கவிட்டால் போதும். ஈரமான சாக்கு நல்ல பிடிமானம் தரும்.

வெயில் காலத்தில் தண்ணீர் மட்டம் இறங்கும். மட்டம் நாலு விரல் இறங்கினாலும் பலகையின் கீழ்முனை தண்ணீருக்குள்ளேயே இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

குளம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மீட்டர் நீள அகலமே போதும். ஓரத்தில் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் ஆழமுள்ள மேடை போன்ற பகுதி இருக்கட்டும். வெயில் பட்டுச் சீக்கிரம் வெதுவெதுப்பாகும் அந்த இடத்தைத்தான் பல தவளைகள் முட்டையிடத் தேர்ந்தெடுக்கும். நடுவில் 30 முதல் 45 சென்டிமீட்டர்; குளிர்காலத்தில் மேற்பரப்பு உறையும் ஊர்களில் 60 சென்டிமீட்டர். தண்ணீருக்குள் வளரும் செடிகள், ஓரத்தில் நிமிர்ந்து நிற்கும் புல் வகைகள், மேலே மிதக்கும் அல்லி இலைகள் என்று மூன்று விதமும் கலந்து இருந்தால் முட்டை ஒட்டிக்கொள்ள, ஒளிந்துகொள்ள, மேய எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும். பாதிக் குளத்துக்கு வெயில், மீதிக்கு நிழல்.

மீன் விடாதீர்கள். அழகுக்கும் வேண்டாம், கொசுவுக்கும் வேண்டாம். கொசுப் புழுவைத் தின்பதற்காக விடும் சின்ன மீன்கள் தலைப்பிரட்டைகளின் வாலைக் கடித்துக் குதறும். சிறிதாக இருந்தால் விழுங்கியும் விடும். மீன் இல்லாத குளத்தில் தட்டான் குஞ்சுகளும் நீர்ப்பூச்சிகளும் பெருகும். கொசுப் புழுவைத் தின்ன அவை போதும். நீரூற்று, வடிகட்டி வைத்திருந்தால் பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வாயை நுண்ணிய நுரைப்பஞ்சால் மூடுங்கள். பொரித்த புதிதில் தலைப்பிரட்டை மிகச் சிறியது, இழுவை வந்தால் தப்பவே முடியாது. பம்ப் இல்லாத குளமே இதற்கு நல்லது.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில், எவ்வளவு சிறிய குளமானாலும் வேலி அல்லது உறுதியான கம்பி வலை வேண்டும். ஒரு சாண் தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்துதான்.

தண்ணீர்

மழைத்தண்ணீர் முதல்தரம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், வாளியில் பிடித்துத் திறந்தபடி ஒருநாள் வெளியே வைத்தால் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலப்பார்கள்; அது அப்படிப் போகாது. உங்கள் ஊர்க் குடிநீரில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குளோரமின் என்றால், மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் நீர்ச் சுத்திகரிப்புச் சொட்டு மருந்தைச் சேர்த்த பிறகு ஊற்றலாம். எந்தத் தண்ணீரானாலும் ஒரே தடவையில் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள்.

பாசி படர்ந்தால் கலங்க வேண்டாம், அதுதான் தலைப்பிரட்டையின் தீனி. நூல்பாசி அளவு மீறினால் ஒரு குச்சியால் சுருட்டி எடுத்து, அதில் சிக்கிய உயிர்கள் தண்ணீருக்குத் திரும்பட்டும் என்று சில மணிநேரம் கரையோரமாகவே வைத்துவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள். பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலிருக்கும் செம்பு தலைப்பிரட்டைகளுக்கு நஞ்சு. செம்புக் குழாய், செம்புப் பாத்திரம் எதுவும் தண்ணீரில் ஊற வேண்டாம். களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் குளத்தைச் சுற்றிக்கூட வேண்டாம். களைக்கொல்லியில் மருந்து மட்டும் இருப்பதில்லை. அது இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சோப்பு போன்ற பொருள் செவுளைப் பாழாக்கும். மழை பெய்தால் தோட்டத்தில் தெளித்ததெல்லாம் பள்ளத்துக்குத்தான் வரும், குளம் பள்ளத்தில் இருக்கிறது.

முட்டையைத் தேடிப் போகாதீர்கள்

குளம் தயார், தவளை வரவில்லை. பக்கத்து ஏரியிலிருந்து ஒரு குவளை முட்டை கொண்டுவரலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பல நாடுகளில் அதற்குச் சட்டத் தடை உண்டு என்பது ஒருபுறம். என்னைத் தடுப்பது நோய். கைட்ரிட் என்ற நுண்பூஞ்சை உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவருகிறது. 1999-இல்தான் அதற்கு அறிவியல் பெயரிட்டு விவரித்தார்கள். அது கெரட்டின் என்ற கடினப் புரதம் உள்ள இடத்தில் குடியேறும். தலைப்பிரட்டையில் கெரட்டின் இருப்பது வாயைச் சுற்றி மட்டும். அதனால் நோயைச் சுமந்துகொண்டே அது நன்றாக நீந்தித் திரியும், பார்த்தால் எதுவும் தெரியாது. தவளையாக மாறித் தோல் முழுக்கக் கெரட்டின் பரவும்போதுதான் பூஞ்சையும் பரவிக் கொல்லும். ஆரோக்கியமாகத் தெரிகிறதே என்று நீங்கள் கொண்டுவரும் ஒரு குவளை, உங்கள் குளத்தையே நோய்க்கிடங்காக்கிவிடும். வேறு குளத்தில் பயன்படுத்திய வலை, காலணி இரண்டையும் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்த பிறகே இங்கே கொண்டுவர வேண்டும்.

தவளைகள் தாமாகவே வரும். முதல் ஆண்டே வரலாம், இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம். இரவில் ஆண் தவளை கத்துவது கேட்டால் அடுத்த சில நாள் காலைகளில் ஓரங்களைப் பாருங்கள்.

முட்டையைப் பார்த்தவுடன் யாருடையது என்று ஓரளவு சொல்லிவிடலாம். திரளாக, ஒரு கையளவு கட்டியாக மிதந்தால் தவளை. மாலை மாதிரி நீண்ட சரமாகச் செடித்தண்டுகளைச் சுற்றியிருந்தால் தேரை. தண்ணீருக்கு மேலே கிளையிலோ சுவரிலோ வெள்ளை நுரைக்கட்டி தெரிந்தால் அது நுரைக்கூடு கட்டும் மரத்தவளை. உள்ளே பொரித்த குஞ்சுகள் சில நாளில் நேராகக் கீழே தண்ணீரில் சொட்டும். நுரையை எச்சில், பூஞ்சை என்று நினைத்து வழித்துவிடாதீர்கள்.

இட்டவுடன் முட்டைத்திரள் சிறியதாகத்தான் இருக்கும். திருநீற்றுப்பச்சிலை விதை ஊறினால் எப்படி உப்புமோ, அப்படி அந்தக் கூழ்ப்பொருள் தண்ணீரை உறிஞ்சிச் சில மணிநேரத்தில் பல மடங்கு பெரிதாகும். ஒரு முட்டையை உற்றுப் பாருங்கள். பல இனங்களில் மேல்பாதி கறுப்பு, கீழ்பாதி வெளுப்பு. கறுப்பு வெயிலின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வெளுத்துப் பஞ்சு படிந்த முட்டைகள் சில தென்படும். அவை கருவுறாதவை அல்லது இறந்தவை. ஒன்றிரண்டு இருந்தால் விட்டுவிடுங்கள். திரளில் பெரும்பகுதி அப்படி ஆனால் அந்தப் பகுதியை மட்டும் கரண்டியால் எடுத்துவிடலாம்.

தண்ணீர் இறங்கி முட்டைத்திரள் வெளியே காய்ந்தால், முட்டையை நகர்த்தாமல் தண்ணீரை ஏற்றுங்கள்.

இருபத்தைந்து, முப்பது டிகிரி வெப்பமான தண்ணீரில் ஒன்று முதல் மூன்று நாளில் பொரிந்துவிடும். பத்து டிகிரிக் குளிரில் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பாருங்கள். முற்றுப்புள்ளியாக இருந்தது காற்புள்ளியாக நீளும். பிறகு அந்தக் காற்புள்ளி கூழுக்குள்ளேயே சட்டென்று ஒருமுறை சுண்டும். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் மூச்சுவிடாமல் குனிந்திருந்தேன், இப்போதும் அப்படித்தான்.

பொரித்த முதல் வாரம்

பொரித்ததும் அவை நீந்தாது. காலியான கூழிலோ இலையிலோ தலையை ஒட்டிக்கொண்டு, செத்ததுபோல் தொங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பதறி உணவு போடுவது இப்போதுதான். தலைக்கு அடியில் இருக்கும் பசைச் சுரப்பியால் ஒட்டியிருக்கின்றன. வாய் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. வயிற்றில் மிச்சமிருக்கும் கருவுணவுதான் ஆகாரம். இந்த நாள்களில் தண்ணீரைக் கலக்காமல் இருங்கள். உங்களிடம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

பார்க்க மிக அருமையான நேரமும் இதுவே. வெள்ளை நிறத் தட்டு ஒன்றில் குளத்துத் தண்ணீரை ஊற்றி, ஒரு கரண்டியால் இரண்டு மூன்றை மட்டும் எடுத்து விடுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால், கழுத்தின் இரு பக்கமும் இறகுபோல் கிளைத்த வெளிச்செவுள்கள் தெரியும். மூன்று நாள் தள்ளிப் பார்த்தால் இருக்காது. மேலே ஒரு தோல்மடிப்பு வளர்ந்து மூடிவிடும். மூடியபிறகு செவுளைத் தொட்டு வரும் தண்ணீர் வெளியேற ஒரே ஒரு சிறு துளை மிஞ்சும். பெரும்பாலான இனங்களில் அது உடலின் இடது பக்கம். அந்தத் துளையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அதற்கு இன்னொரு வேலை இருக்கிறது.

கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். சோப்பு, களிம்பு எதுவும் கையில் இருக்கக்கூடாது. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பிறகு உங்கள் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

மேயும் வாரங்கள்

நீந்தத் தொடங்கியதும் அவை மேய்ச்சல் விலங்குகளாகிவிடும். வாயில் கிளி அலகு போன்ற சிறு கறுப்பு அலகும், அதைச் சுற்றி வரிவரியாக நுண்பற்களும் உண்டு. கல், இலை, சுவர் எதுவானாலும் அவற்றால் பாசியைச் சுரண்டித் தின்னும். கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டு அடியிலிருந்து பாருங்கள். வயிற்றுத்தோல் வழியே குடல் கொசுவர்த்திச் சுருள்போல் சுற்றிச் சுற்றிக் கிடப்பது தெரியும். தழை தின்னும் உடம்புக்கு அவ்வளவு நீளக் குடல் தேவை. இது பின்னால் எப்படிச் சுருங்கப்போகிறது என்பதற்காகவே இப்போது பார்த்து வைப்பது நல்லது.

தோட்டக் குளத்தில் உணவு போடத் தேவையில்லை. போட்டால் கெடுதலே அதிகம்; மிச்சம் அழுகித் தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைக்கும். விதிவிலக்கு உண்டு. புதிதாக நிரப்பிய, பாசியே பிடிக்காத தொட்டியில் நூற்றுக்கணக்கில் பொரித்துவிட்டால், வெந்த கீரைத் துணுக்கு கொஞ்சம் போட்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். செத்த மீனையோ தங்கள் இனத்தில் இறந்ததையோ அவை தின்பதைப் பார்த்தால் அருவருக்க வேண்டாம், பெரும்பாலான தலைப்பிரட்டைகள் கிடைத்ததைத் தின்பவை.

விடியற்காலையில் எல்லாமே மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் குறைகிறது என்று பொருள். இரவில் செடிகளும் பாசியும்கூட ஆக்சிஜனைச் செலவழிப்பதால் விடியலில்தான் அது மிகவும் குறையும். அடியில் அழுகும் இலைகளைக் கொஞ்சம் அள்ளுங்கள், ஆறிய மழைத்தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள், நிழலுக்கு வழி செய்யுங்கள். ஒன்றிரண்டு மட்டும் அவ்வப்போது மேலே வந்து ஒரு குமிழி விட்டுப் போவது வேறு. அது நுரையீரல் பழகும் அறிகுறி, கவலை வேண்டாம்.

இந்த வாரங்களில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். இதை முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் முட்டை இடுவதே மிகச் சில மட்டும் பிழைக்கும் என்பதால்தான். தட்டான் குஞ்சு அடியில் அசையாமல் பதுங்கியிருக்கும். கீழுதடு மடக்கிய கைபோல் பாய்ந்து பிடிக்கும். நீர்த்தேள், நீர்வண்டின் புழு, பறவைகள், எல்லாவற்றுக்கும் தலைப்பிரட்டை இரை. தட்டான் குஞ்சுகளைப் பொறுக்கி வெளியே போடலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். நான் போடுவதில்லை. குளத்துக்கு அவையும் வேண்டும். தலைப்பிரட்டைகளும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. தட்டான் குஞ்சின் வாடை தண்ணீரில் இருந்தாலே சில இனங்கள் ஆட்டத்தைக் குறைத்து அடங்கியிருக்கும், வால்துடுப்பை அகலமாக வளர்த்துக்கொள்ளும். அகலமான வால் தப்பி ஓட உதவும். கடிபட்டாலும் வால்தானே போகும், திரும்ப வளரும். தேரையின் குஞ்சுகள் கன்னங்கரேலென்று கூட்டமாகத் திரியும். அவற்றின் தோலில் இருக்கும் கசப்பால் மீன்கள் பெரும்பாலும் துப்பிவிடும்.

ஒரு குறிப்பேடு வையுங்கள். தேதி, காலைத் தண்ணீர் வெப்பம், பார்த்தது, மூன்றே பத்தி. அறிவியலாளர்கள் கென்னத் காஸ்னர் 1960-இல் வகுத்த 46 நிலைகளைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு ஆறு போதும்: முட்டை, ஒட்டித் தொங்குவது, நீந்துவது, பின்கால், முன்கால், வால் மறைவது. இரண்டாம் ஆண்டு அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினால், உங்கள் குளம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று உங்களைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது.

பின்கால்

வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் குண்டூசித் தலை அளவு மொட்டு தெரியும். அது மெல்லத் துடுப்பாகும், துடுப்பில் விரல்கள் பிரியும், முட்டி மடங்கும். வெப்பமான தண்ணீரில் முட்டையிலிருந்து கரையேறுவது வரை ஒன்றரை, இரண்டு மாதம். குளிர்ந்த தண்ணீரில் மூன்று நான்கு மாதம். இனத்துக்கு இனம் மாறும். அமெரிக்கக் காளைத்தவளையின் தலைப்பிரட்டை ஈராண்டுகூட நீரில் கிடக்கும்; பாலைவனத்து மழைக்குட்டையில் முட்டையிடும் சில இனங்கள் குட்டை வற்றுவதற்குள் இரண்டு வாரத்தில் முடித்துக்கொள்ளும்.

இந்த மாற்றத்தை ஓட்டுவது தைராய்டு சுரப்பி. குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார். வளராமலேயே அவசரமாக மாறி, மிகச் சிறிய தவளைகளாயின. அவர் அதை வெளியிட்ட ஆண்டு 1912. இதைப் படித்துவிட்டு, மாற்றம் தாமதமாகிறதே என்று சிலர் தண்ணீரில் அயோடின் சொட்டுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முதிராத உடம்பை அவசரப்படுத்தினால் கிடைப்பது பிழைக்கத் தெம்பில்லாத குட்டி. தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் குளிர், நெருக்கடி, தீனிக் குறைவு. சில தலைப்பிரட்டைகள் குளிர்காலத்தைத் தலைப்பிரட்டையாகவே கழித்து அடுத்த ஆண்டு மாறுவதும் இயல்பே.

கால் குறைவாகவோ கூடுதலாகவோ உள்ள ஒன்று கண்ணில் படலாம். 1995-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பள்ளிப் பிள்ளைகள் ஊனமான தவளைகளைக் கூட்டமாகக் கண்ட பிறகு இதை நிறைய ஆராய்ந்தார்கள். நத்தையில் வளர்ந்து தலைப்பிரட்டையின் கால்மொட்டைத் துளைக்கும் ஒரு தட்டைப்புழு, கூடுதல் கால்கள் முளைக்க ஒரு காரணம் என்று தெரியவந்தது. கால் குறைந்திருந்தால், முளைக்கும்போதே தட்டான் குஞ்சு கடித்திருக்கலாம். ஒன்றிரண்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் உரம் கரைந்த தண்ணீர் குளத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். உரம் பாசியைப் பெருக்கும், பாசி நத்தையைப் பெருக்கும், நத்தையோடு அந்தப் புழுவும் பெருகும்.

முன்கால் வந்துவிட்டால் அந்த வாரம் குளத்தை விட்டு நகராதீர்கள்

முன்கால்களும் பின்கால்களோடு சேர்ந்தே வளர்ந்துகொண்டிருந்தன. செவுளை மூடிய தோலுக்குள் இருந்ததால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மார்புப் பக்கம் இரண்டு புடைப்புகள் தெரியும். உள்ளே முழங்கை முட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் திடீரென்று வெளியே வரும். இடது கை பல சமயம் அந்த மூச்சுத்துளை வழியாகவே வெளியே நீளும், வலது கை தோலைக் கிழித்துக்கொண்டு வரும். மாலையில் இரண்டு காலோடு பார்த்தது காலையில் நாலு காலோடு நிற்கும்.

அடுத்த சில நாளில் நடப்பது உடம்பையே கலைத்துப் புதிதாகக் கட்டுவது. கறுப்பு அலகு உதிரும். வாய் கண்ணுக்குப் பின்னால்வரை அகலும். கொசுவர்த்திச் சுருளாக இருந்த குடல் பூச்சி தின்னும் விலங்குக்கு ஏற்றபடி சிறிதாகச் சுருங்கும். இந்த மராமத்து நடக்கும்போது அது எதையும் தின்னாது. வால் உதிர்ந்து விழுவதில்லை. உடம்பு அதைக் கரைத்துத் தனக்கே உணவாக எடுத்துக்கொள்கிறது. எனவே இப்போது உணவு போடுவது வீண்.

இந்த நிலையில் அதற்குச் சரியாக நீந்தவும் வராது, சரியாகத் தாவவும் வராது. கால்கள் தண்ணீரைத் தடுக்கும், வால் தரையில் இழுபடும். முட்டைக்குப் பிறகு அதன் வாழ்வில் இவ்வளவு நாதியற்ற நாள்கள் இல்லை. என் சிமெண்ட் தொட்டியில் அந்தப் பதினொன்று போனதும் இந்த நாள்களில்தான்.

செய்ய வேண்டியவை இவை. காலையும் மாலையும் தண்ணீர் மட்டத்தையும் பலகையையும் பாருங்கள். பலகையைச் சுற்றிக் கூடுதலாகச் சில கற்களை நீர்மட்டத்துக்குச் சமமாக வையுங்கள், பாதி நனைந்தபடி உட்கார அவை உதவும். அல்லி இலைகளை வெட்ட வேண்டாம், அவற்றின்மேல் ஏறி உட்காரும். கரையைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குப் புல்லை உயரமாக விடுங்கள். காய்ந்த இலை, ஒரு மரக்கட்டை, நாலைந்து தட்டைக் கற்கள் கிடக்கட்டும். வெயிலில் சுடும் வெறுந்தரையைக் கடக்க நேர்ந்தால் அந்தச் சின்னத் தோல் நிமிடங்களில் காய்ந்துபோகும். புல் வெட்டும் இயந்திரம் இந்த இரண்டு வாரம் ஓய்வெடுக்கட்டும். பூனை, கோழி இருந்தால் குளத்தோரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் தத்தளிக்கும் குட்டியைக் கண்டால் நனைந்த கையால் அள்ளிக் கரையின் ஈர நிழலில் விடுங்கள், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

மழை பெய்ததும் ஒரே நாளில் கூட்டமாகக் கிளம்பும். ஒரு சென்டிமீட்டர் உடம்பு, பின்னால் இன்னும் கறுப்புக் குச்சியாக ஒட்டியிருக்கும் வால்நுனி. அன்றைக்குத் தோட்டத்தில் கீழே பார்த்து நடங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள்.

பிள்ளைகள் வீட்டுக்குள் வளர்க்கக் கேட்டால்

உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதித்தால், சொந்தக் குளத்திலிருந்து ஐந்தாறை மட்டும் எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். குளத்துத் தண்ணீரும் குளத்துச் செடியும்தான். நேரடி வெயிலில் வைக்கக்கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரைக் குளத்துத் தண்ணீரால் மாற்றுங்கள். பின்கால் வந்ததும் சாய்வான கல் வைத்து, மூடி போடுங்கள். முன்கால் எட்டிப் பார்த்த அன்றே குளத்தோரம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். குட்டித் தவளைக்கு உயிருள்ள, மிகச் சிறிய பூச்சி வேண்டும். அதை வீட்டில் கொடுப்பது புதியவர்களுக்கு நடக்கிற காரியமில்லை. எந்தக் குளத்தில் எடுத்தீர்களோ அதே குளத்தில்தான் விட வேண்டும்.

அவை போனபிறகு

கரையேறியவை திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ஈரமான கல்லடியில், செடித்தொட்டிக்குப் பின்னால் எப்போதாவது ஒன்றைக் காண்பீர்கள். முட்டையிடும் வயது வர ஓரிரண்டு ஆண்டு, சில இனங்களுக்கு இன்னும் கூடுதலாக ஆகும். பிழைத்தவற்றில் சில இதே தண்ணீருக்குத் திரும்பும்.

குளத்தைச் சுத்தம் செய்ய நினைத்தால் இப்போது செய்யலாம், ஆனால் பாதியை மட்டும். அள்ளிய சேற்றையும் செடியையும் ஒரு நாள் கரையோரமாகக் குவித்து வைத்தால் உள்ளே இருக்கும் பூச்சிகள் தண்ணீருக்கு ஊர்ந்து போகும். மீதிப் பாதியை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அள்ளும் முன் வெள்ளைத் தட்டில் நாலைந்து தடவை தண்ணீரை மொண்டு பாருங்கள். அடியில் பின்தங்கிய தலைப்பிரட்டை ஒன்றிரண்டு இருக்கலாம். பின்கால் மொட்டுகூட விட்டிருக்காது. இருந்தால் தட்டைச் சாய்த்து அதைத் திரும்ப விட்டுவிட்டு, சுத்தம் செய்வதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். பலகை அதே இடத்தில் இருக்கட்டும்.